எல்லாரோடும் சமாதானமா?

கோவில்பத்து, காரைக்கால்
12 ஜனவரி 2025

மகாலி அக்காவுக்கு,

நலம் விசாரிப்பெல்லாம் அம்மாவின் போனில் நடந்துவிடுகிறது. என் எண்ணைத்தான் நீ எடுப்பதில்லை. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

அக்டோபரில் நம் சபையில் அப்பம் பிட்கிற இராப்போஜனம் நின்றுபோனது. இந்த மாதம் முதல் ஞாயிறும் நின்றது. இரண்டுக்கும் காரணம் நான்.

நடந்தது இதுதான். அப்பம் வைத்தாகிவிட்டது. பாலகுரு மூப்பர் வழக்கம்போல ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார்: "எல்லாரோடும் சமாதானமா?" பெண்கள் பக்கம் முழுக்க "சமாதானம்". ஆண்கள் பெஞ்சில் அப்பா "சமாதானம்". அடுத்து நான். முந்தின இரவு ஐஸ் பிளாண்டில் அம்மோனியா கசிந்து, கம்ப்ரஸரோடு மல்லுக்கட்டிவிட்டுத் தூங்காமல் வந்திருந்தேன். அந்தக் கேள்வியை வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேள்வி மாதிரியே கேட்டேன் போலிருக்கிறது. யோசித்தேன். "இல்ல" என்றேன்.

"யாரோடப்பா?"

"மகாலி அக்காவோட."

மூப்பர் துணியை எடுத்து அப்பத்தை மூடிவிட்டார். ஒருவர் இல்லை என்றால் யாருக்கும் இல்லை. இதை நான் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தீர்க்கும் வழியும் உனக்குத் தெரியும். நேரில் வர வேண்டும், இல்லாவிட்டால் கைப்பட எழுத வேண்டும். போன் செல்லாது. வாட்ஸ்அப் செல்லவே செல்லாது. ஆகவே நீ செய்ய வேண்டியது: ஒரு வெள்ளைத்தாள். "நான் ஃப்ளோரானோடு சமாதானமாக இருக்கிறேன்." கீழே கையெழுத்து. தபாலில் போடு. பெரிய வியாழனுக்குள் வந்துசேர வேண்டும், அன்றைக்கு மறுபடியும் கேட்பார்கள்.

அவசரம் ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். ஓமானில், சோஹார் என்ற ஊரில், மீன் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஏப்ரல் கடைசியில் சேர வேண்டும். சமாதானம் இல்லாமல் ஊரைவிட்டுக் கிளம்பினால் உன்னைப் போல என்னையும் விலக்கி வைப்பார்கள். அப்புறம் லீவுக்கு வந்தாலும் அப்பா அம்மாவோடு ஒரே மேசையில் சோறு கிடையாது. அம்மா ஒரு பிள்ளையை அப்படிப் பார்த்தது போதும்.

ரெண்டே வரிதான். எழுதிவிடு.

ஃப்ளோரான்


கார்ஜ், பாரிசுக்கு வடக்கே
2 பிப்ரவரி 2025

ஃப்ளோவுக்கு,

உன் கடிதம், கடைக்காரனிடம் ஸ்பேர் பார்ட் கேட்டு எழுதினது மாதிரி இருந்தது. இன்ன அளவு, இன்ன தேதிக்குள். ழான்-போலிடம் படித்துக் காட்டினேன். "உன் தம்பிக்கு எவ்வளவு பாசம்!" என்று சிரிக்கிறார்.

எழுத மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. அது உண்மை இல்லை, அதனால் எழுத மாட்டேன். ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று என்னை வளர்த்தது அந்தச் சபைதானே? கோர்ட்டில் கூட சத்தியம் செய்யாத ஜனம் நாம். தபாலில் பொய்யை அனுப்பச் சொல்கிறாயே.

எனக்கு இன்னும் என் குற்றம் என்னவென்று புரியவில்லை. படைவீரனைக் கட்டினேன். சரி. ழான்-போல் பிரெஞ்சுப் படையில் சமையல்காரர். ஆயுசில் அவர் சுட்டதெல்லாம் ரொட்டிதான் என்று பாலகுரு மூப்பரிடம் சொன்னேன். நீயும் பக்கத்தில் இருந்தாய், நீ மட்டும் லேசாகச் சிரித்தாய். மூப்பர் சிரிக்கவில்லை. "சீருடை சீருடைதாம்மா" என்றார். தாத்தாவும் அதே படையில் இருந்தவர்தானே என்றேன். "அவர் பிரான்சுல, அல்சாஸ் பக்கம், சண்டைக்குப் போகாத நம்ம மென்னோனைட் ஜனங்களைப் பார்த்தாரு, துப்பாக்கிய வச்சுட்டு வந்தாரு, இந்தச் சபைய ஆரம்பிச்சாரு. உன் ஆளு வச்சுட்டு வரட்டும், பாப்போம்." கரண்டியை வைத்துவிட்டா வரச் சொல்கிறார்?

அதெல்லாம் போகட்டும். மேசையைச் சொல்கிறேன்.

நான் கிளம்புவதற்கு முந்தின ஒரு மாதம். சாப்பாட்டு மேசையை எடுத்துவிட்டு இரண்டு சின்ன மேசை போட்டீர்கள். நடுவில் நாலு விரல் இடைவெளி. மேலே ஒரே துணி. வந்துபோகிறவர்களுக்கு ஒரே மேசை மாதிரி தெரியும், மானம் போகாது. என் தட்டு அந்தப் பக்கம், நீங்கள் மூன்று பேரும் இந்தப் பக்கம். என் கையில் எதையும் நேராகத் தரக் கூடாது என்பதால் அம்மா குழம்புச் சட்டியைத் துணிமேல் வைத்துத் தள்ளுவாள். இடைவெளிக்கு வந்ததும் துணி தொய்ந்து சட்டி சாயும். ஒரு நாள் மீன் குழம்பு முழுக்க என் மடியில் கொட்டியது. கொதிக்கக் கொதிக்க. மூன்று பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அந்த மேசைகளை இழுத்துப் போட்டபோது ஒரு முனை அப்பா கையில். மறுமுனை உன் கையில்.

இங்கே நாங்கள் போகிற சபை, பழைய நாற்காலி மேசை விற்ற கிடங்கு. டிரம்ஸ், பெரிய திரை, எல்லாரும் கைதட்டுவார்கள். நல்ல ஜனங்கள். ஆனால் என் கை தட்ட எழும்புவதில்லை ஃப்ளோ. அந்தச் சத்தத்துக்கு நடுவே, வாத்தியம் இல்லாமல் நாம் பாடுகிற நாலு குரலைத் தேடிக்கொண்டு நிற்கிறேன். அப்பாவின் அடிக்குரல் இல்லாமல் எனக்குப் பாட்டே தொடங்க வரவில்லை.

ஒன்று கேட்கிறேன், யோசித்துப் பதில் எழுது. அன்றைக்கு மூப்பர் "யாரோட" என்று கேட்டதும் என் பெயர் ஏன் வந்தது? எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருப்பவள் என்பதாலா?

மகாலி


கோவில்பத்து
16 பிப்ரவரி 2025

அக்கா,

உன் பெயர் வந்தது, நீ போனதால். போனவர்கள் போய்விடுகிறார்கள். இருக்கிறவன்தான் ஞாயிறு தவறாமல் அப்பாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு கோட்டுச்சேரியில் சபைக்குப் போகிறான், ஜன்னல் துடைக்கிறான், ஃபேன் ரிப்பேர் பார்க்கிறான், "மகாலி ஏதாச்சும் மனசு மாறினாளா தம்பி" என்று கேட்டால் பதில் சொல்கிறான். போதுமா யோசித்தது?

இங்கே என் நிலைமையையும் கொஞ்சம் கேள். ஞாயிறு சாயங்காலம் ஆனால் இரண்டு இரண்டு பேராக வீட்டுக்கு வருகிறார்கள். திட்ட மாட்டார்கள். கத்த மாட்டார்கள். உட்கார்ந்திருப்பார்கள். போன வாரம் மூப்பரும் செல்லம்மா அத்தையும். அம்மா டீ கொண்டுவந்தாள்.

"வேணாம் சிமோன். குடிச்சா சமாதானம்னு ஆயிடும்" என்றது அத்தை.

"முறுக்காவது எடுத்துக்கங்க."

அத்தை முறுக்கைப் பார்த்தது. மூப்பரைப் பார்த்தது. "மூப்பரே, முறுக்கு கணக்குல வருமா?"

"வரும்" என்றார் மூப்பர்.

அப்புறம் முக்கால் மணி நேரம் யாரும் பேசவில்லை. கடைசியில் நான்தான், "அடிச்சாவது கேளுங்களேன், இப்புடி உக்காந்தா எப்புடி?" என்றேன். மூப்பர், "நாங்க யாரையும் அடிக்கிறதில்லப்பா" என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார். ஒரு அறைக்குள் காற்று போகாமல் கதவை இறுக்க என்ன வேண்டுமோ அதெல்லாம் நம் ஜனத்திடம் இருக்கிறது. சத்தம் மட்டும் இல்லை.

பிளாண்டில் என்னோடு ஷிஃப்ட் பார்க்கிற ஜவஹர் அலி பாயிடம் சொன்னேன். "ஏன் தம்பி, சமாதானம்னு ஒரு வார்த்தைய சொல்லிட்டு அப்பத்தைத் தின்னுட்டு வர வேண்டியதுதானே?" என்றார்.

"சொல்லக் கூடாது பாய். உண்மையா இருந்தாத்தான் சொல்லணும்."

"நீங்க சர்ச்சுதானே? கோட்டுச்சேரி மாதா கோயில் மாதிரியா?"

"இல்ல பாய். எங்களுக்கு சொரூபம் கிடையாது, பாட்டுப்பெட்டி கிடையாது, கோர்ட்டுக்குப் போறது கிடையாது, சத்தியம் பண்றது கிடையாது, துப்பாக்கி தொடுறது கிடையாது. குழந்தைக்கு ஞானஸ்நானமும் கிடையாது, வளர்ந்து நாமளே கேட்டு வாங்கணும்."

"அப்ப என்னதான் பண்ணுவீங்க?"

"உக்காந்திருப்போம்."

அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ஸ்பேனர் விழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்தொன்பது வயதில் நானேதானே கேட்டு ஞானஸ்நானம் வாங்கினேன்? யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. அதனால்தான் வெளியே வரவும் யாரையும் கைகாட்ட முடியவில்லை.

மேசையைப் பற்றி: அப்பாவுக்கு இடுப்பு வலி. ஒரு முனையைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன். அந்த மேசைகள் இன்னும் அப்படியேதான் கிடக்கின்றன. உன் இடம் காலியாக, நாலு விரல் தள்ளி, துணி போட்டு. எடுக்கச் சொல்லி யாரும் முடிவு பண்ணவில்லை. நம்மிடம் எதையும் முடிவு பண்ண எல்லாரும் சம்மதிக்க வேண்டும், அதனால் எதுவும் முடிவாவதில்லை.

என்ன வேண்டும் உனக்கு? மன்னிப்பா? சுற்றி வளைக்காமல் சொல்.

ஃப்ளோரான்


கார்ஜ்
1 மார்ச் 2025

ஃப்ளோ,

மன்னிப்பு வேண்டாம். நம் வீட்டில் மன்னிப்பு மலிவு, இராப்போஜனத்துக்கு ஒன்றாக வருஷத்துக்கு நாலு தடவை கிடைக்கும்.

மேசைகள் இன்னும் அப்படியே இருக்கின்றன என்று எழுதியிருந்தாய். அம்மா ஒரு தடவைகூட என்னிடம் சொன்னதில்லை. வேலைக்கு நடுவில் (முதியோர் இல்லத்தில் இப்போது எனக்கு இரவு உணவுப் பொறுப்பு) அதை நினைத்து அப்படியே நின்றுவிட்டேன். நான் இல்லாத இடத்தில் என்னைத் தள்ளி வைத்து நாலு வருஷமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

மேசைகளைச் சேர்த்துப் போடு. துணியை எடு. அதில் உட்கார்ந்து சாப்பிடு. சபையில் கேட்காதே, அப்பாவிடம் கேட்காதே. செய். அப்புறம் எழுதுகிறேன்.

நீ சொன்ன மாதிரியே: வேலை சின்னது.

மகாலி


கோவில்பத்து
14 மார்ச் 2025

அக்கா,

செய்துவிட்டேன். போன சனிக்கிழமை மத்தியானம். துணியை உருவி, மேசையைத் தள்ளினேன். பத்து நொடி வேலை. அம்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள், கையிலிருந்த கரண்டியிலிருந்து ரசம் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. "வேணாம்டா" என்று சொல்லவில்லை. "மெதுவா" என்றுதான் சொன்னாள்.

அப்பா வந்தார். பார்த்தார். தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்பா, இங்க வந்து சாப்பிடுங்க."

"அது மகாலி மேசையோட ஒட்டியிருக்கு. அதுல சாப்பிட்டா அவளோட சாப்பிட்ட மாதிரி."

"அவ பிரான்ஸ்ல இருக்கா."

"இடம் இங்கதான் இருக்கு."

இந்த மனுஷரிடம் என்ன வாதாட முடியும்? ஆறு நாளாக இப்படித்தான். நான் பெரிய மேசையில் தனியாக. அப்பா தரையில் தனியாக. இடுப்பு வலியோடு எழுந்திருக்கச் சுவரைப் பிடித்துக்கொள்கிறார், கை கொடுத்தால் வாங்குவதில்லை. அம்மா இரண்டு பேருக்கும் பரிமாறிவிட்டு நின்றுகொண்டே சாப்பிடுகிறாள். உன்னைத் தள்ளி வைத்தபோதாவது மூன்று பேர் ஒரு பக்கம் இருந்தோம்.

நீ கேட்டதைச் செய்தாகிவிட்டது. உன் பங்கை அனுப்பு. விசா வந்துவிட்டது. ஏப்ரல் 26 திருச்சியிலிருந்து விமானம்.

ஃப்ளோரான்


கார்ஜ்
27 மார்ச் 2025

சபையாருக்கும் ஃப்ளோரானுக்கும்,

நான் என் தம்பி ஃப்ளோரானோடு சமாதானமாக இருக்கிறேன். இதைக் கைப்பட எழுதுகிறேன். இது உண்மை.

மகாலி

(இந்தத் துண்டு உனக்கு மட்டும். அப்பா தரையில் உட்காருகிறார் என்று படித்தபின் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் இதைக் கேட்டிருக்கக் கூடாது என்றும் தோன்றவில்லை. இரண்டும் சேர்ந்தே இருக்கிறது. நீ போ. ஒருவராவது நல்ல பெயரோடு அந்த வீட்டிலிருந்து வெளியே போகட்டும்.)


கோவில்பத்து
19 ஏப்ரல் 2025

அக்கா,

பெரிய வியாழன் முடிந்தது. உன் கடிதத்தை மூப்பர் சத்தமாகப் படித்தார். செல்லம்மா அத்தை மூக்கை உறிஞ்சியது. எனக்கு எதிர்ப்பக்கம் அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். ஆறு மாதத்துக்கு அப்புறம் அப்பம் வந்திருக்கிறது, ஜனம் அதையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவர் காலை ஒருவர் கழுவுகிற தொட்டிகளில் தண்ணீர்கூட ஊற்றியாகிவிட்டது.

மூப்பர் கேட்க ஆரம்பித்தார். பெண்கள் எல்லாரும் சமாதானம். ஆண்கள் பெஞ்சில் முதல் ஆள் அப்பா.

"தோமா, எல்லாரோடும் சமாதானமா?"

அப்பா எழுந்து நின்றார். உட்கார்ந்தே சொல்வதுதான் வழக்கம். இவர் நின்றார்.

"இல்ல" என்றார்.

மூப்பருக்குக் காது கேட்கவில்லையோ என்று நினைத்தேன். "யாரோட தோமா?" என்று குனிந்து கேட்டார்.

"இவனோட." என் தோளைத் தொட்டுக் காட்டினார்.

மூப்பர் துணியை எடுத்தார். பின்னாலிருந்து அத்தை, "மறுபடியுமா? மாவு பெசஞ்சது நானு!" என்றது. தொட்டித் தண்ணீரை நானும் மூப்பருமாக வெளியே தூக்கிப்போய் முருங்கைக்கு ஊற்றினோம்.

அப்பாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் நிறுத்தி, இறங்கவிடாமல் கேட்டேன். "என்மேல என்ன கோபம்? மேசையா?"

"மேசை இல்ல."

"பின்ன என்ன? நீங்க சமாதானம்னு சொல்லியிருந்தா நான் நல்லபடியா போயிருப்பேன். எல்லாரும் சாப்பிட்டிருப்பாங்க. அக்கா எழுதியே குடுத்துட்டா. என்னை இங்கயே கட்டிப்போடணும், அதானே?"

அப்பா பின்சீட்டிலிருந்து பேசினார். நான் கண்ணாடியில் அவர் தாடையை மட்டும் பார்த்தேன்.

"மகாலி ஊரைவிட்டுப் போனாளே, அந்த வருஷம் இதே வியாழன்ல என்னைக் கேட்டாங்க. சமாதானம்னு சொன்னேன். அவளத் தள்ளி வச்சதுல எனக்குச் சமாதானம் இல்ல. அவ போனதுலயும் இல்ல. ஆனா சொன்னேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் சொன்னேன். நாலு வருஷமா அந்தப் பொய்யோட அப்பம் தின்னேன்டா. நீ அன்னைக்கு இல்லைன்னு சொன்னப்ப, அது நான் சொல்லியிருக்க வேண்டியதுன்னு தோணுச்சு. இப்ப நீயும் போற. அதுல எனக்குச் சமாதானம் இல்ல. இருந்தாத்தானே சொல்ல முடியும்?"

"அப்ப போகாதன்னு சொல்லுங்க."

"போகாதன்னு நான் சொல்லல. போ. யாரு புடிச்சா? சமாதானம் இல்லைன்னுதான் சொல்றேன்."

இப்போது புரிகிறதா? கதவு திறந்திருக்கிறது. யாரும் பூட்டவில்லை. தாண்டினால் நானும் விலக்கப்பட்டவன், அப்பாவின் கையாலேயே. நேற்று மூப்பரிடம் போய் நான் கிளம்பினால் என்ன செய்வீர்கள் என்று நேராகக் கேட்டேன். அவர் அழுதுவிட்டார் அக்கா. "உனக்கும் ஒரு இடம் வைப்போம்பா" என்றார். ஆறுதலாகச் சொல்கிறாராம்.

அக்டோபரில் உன் பெயர் ஏன் வந்தது என்று கேட்டிருந்தாய். அந்தப் பெஞ்சில் என்னை ஒட்டி உட்கார்ந்திருந்தவர் யார் என்று நினைத்துக்கொள். அவர் பெயரைச் சொல்ல வாய் வராமல்தான் உன் பெயரைச் சொன்னேன்.

இன்னும் ஏழு நாள்.

ஃப்ளோரான்


சோஹார், ஓமான்
6 ஜூன் 2025

அக்கா,

வந்துவிட்டேன். அம்மா சொல்லியிருப்பாள். அப்பா பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார், பெட்டியைக் கையில் தரவில்லை, தரையில் வைத்தார். நான் எடுத்துக்கொண்டேன். பஸ் கிளம்புகிறவரை நின்றார். அந்த ஞாயிறே சபையில் என் பெயரை விலக்கப்பட்டவன் என்று வாசித்துவிட்டார்களாம். வாசித்தது மூப்பர். வாசிக்கச் சொல்லி எழுந்து நின்றது அப்பா.

வேலை பரவாயில்லை. மெஷின்கள் புதுசு. மைனஸ் இருபதில் உள்ளே போய் வெளியே வந்தால் நாற்பத்தைந்து. அறைக்கு நாலு பேர்.

எழுத வந்தது வேறு. இங்கே வெள்ளிக்கிழமை ஆராதனை உண்டு. மலையாளிகள், தெலுங்கர்கள், நம் ஆட்கள், பிலிப்பைன்ஸ் பெண்கள் எல்லாரும் ஒரே கூடத்தில். கிதார் இருக்கிறது. எவனும் என்னை யார், எந்த வீடு, யாரோடு பிணக்கு என்று கேட்கவில்லை. அப்பாடா என்றிருந்தது. போன வாரம் இராப்போஜனம். போதகர் ஜெபித்தார், தட்டைக் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான். கேள்வி கிடையாது. நான் கேள்விக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், தட்டு அதுபாட்டுக்கு வரிசையில் வந்துகொண்டிருக்கிறது, சினிமாக் கொட்டகையில் முறுக்குத் தட்டு மாதிரி. பக்கத்திலிருந்த மலையாளி எடுத்துக்கொண்டு என்னிடம் தள்ளினான்.

அப்பத்தைத் தொட்டேன். எடுக்கக் கை வரவில்லை. யாரும் கேட்காமலே எனக்கு வாயில் "இல்ல" என்று வந்தது, சத்தமாக. மலையாளி திரும்பிப் பார்த்தான். தட்டை அடுத்தவனிடம் கொடுத்துவிட்டேன்.

நீ அங்கே எடுக்கிறாயா? நேராகப் பதில் சொல். எத்தனை வருஷத்தில் எடுக்க வரும்?

ஃப்ளோரான்


கார்ஜ்
24 ஜூன் 2025

ஃப்ளோ,

தட்டு என் வரிசைக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் எழுந்து டாய்லெட்டுக்குப் போய்விடுவேன். வந்ததிலிருந்து அப்படித்தான். கைகழுவுகிற குழாயைத் திறந்துவிட்டு, பாட்டு ஆரம்பிக்கிறவரை நிற்பேன்.

ழான்-போலுக்கு என் சிறுநீரகத்தில் ஏதோ கோளாறு என்று கவலை. அடுத்த செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் நேரம் வாங்கிவைத்திருக்கிறார். பாவம், என்ன சொல்வது என்று தெரியாமல் சரி என்று சொல்லிவிட்டேன்.

மகாலி